மாறிக் கிடந்த வயர்

பசறையைத் தாண்டியதும் தொடங்கிய வளைவுகளில் கிருஷிகா மூன்று தடவை வாந்தி எடுத்தாள். மடுல்சீமையில் காரை நிறுத்தி முகத்தைக் கழுவிப் பின் சீட்டில் படுக்க வைத்ததும் அப்படியே தூங்கிப் போனாள். ஆறு வயசுப் பிள்ளை. அவளுடைய அம்மா துஷாந்தினி, முன் சீட்டிலிருந்து பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதும் காரின் திரையில் இறங்கிக்கொண்டே வந்த எண்ணைப் பார்ப்பதுமாக வந்தாள். பதுளையில் கிளம்பும்போது தொண்ணூறு சதவீதம் காட்டிய மின்சாரக் கார், மலை ஏற ஏற ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போல் குறைந்து, தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டில் திரும்பியபோது பத்தொன்பதில் நின்றது.

"திரும்பிப் போறதுக்குக் காணாதே," என்றாள்.

அவளுடைய கணவன் ஜெயரூபனுக்கு அது ஒரு பிரச்சினையாகப் படவில்லை. இறக்கத்தில் போகும்போது கொஞ்சம் தானாக ஏறும், மிச்சத்துக்கு அவளுடைய அக்கா வீட்டில் மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டால் தாராளம் என்றான். வயரும் அடாப்டரும் டிக்கியில் இருந்தன. பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் ரோட்டிலேயே கிடந்த வருஷத்திலிருந்து அவனுக்கு இப்படி ஒரு வண்டி மேல் கண். ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய காரை ஆறு மாதத்துக்கு முன் வாங்கினான். பின் கதவின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து வெறும் இரும்பு தெரிந்தது. அதைப் பூசவேண்டும் பூசவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்தக் கார் முதன்முதலில் பதுளை வாடகை வீட்டுக்கு வந்த நாள் துஷாந்தினிக்கு நன்றாக நினைவிருக்கிறது. சார்ஜர் வயரை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகியதும் அதன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை. அவள் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். கரண்ட் வரும் உயிர்க்கம்பி, அது திரும்பிப் போகும் நொதுமற்கம்பி, எர்த் எனும் புவிக்கம்பி என்று வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். சிவப்பு விளக்குக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பழைய வீட்டில் எர்த் இல்லை. எங்காவது கரண்ட் கசிந்தால் அதைப் பூமிக்கு இறக்கிவிடும் கம்பி இல்லை. அதனால் சார்ஜர் வேலை செய்ய மறுக்கிறது.

மறுநாள் ஜெயரூபன் டவுனில் ஒரு கடையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை அடாப்டரைக் கொண்டு வந்தான். சுவருக்கும் சார்ஜருக்கும் நடுவில் அதைச் செருகினான். பச்சை எரிந்தது.

"எர்த்தே இல்லாத வீட்டுல இது எப்படிங்க பச்சையாகுது?" என்று அவள் கேட்டாள்.

எல்லாரும் இதைத்தான் பாவிக்கிறார்களாம், கடையில் சொன்னார்களாம். எரிகிறதல்லவா, அப்புறம் என்ன என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. ஆறு மாதம் ஒன்றும் நடக்கவும் இல்லை.

ஜீவராணி, துஷாந்தினியின் அக்கா, அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். இருவரும் பிறந்ததும் அங்கேதான். தங்கச்சி படிக்கட்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு நின்று, தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து மலைக்கு ஏறியவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது ஓரறை வீடுகள், வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் லயத்தில், கடைசிக்கு முந்தினது அவளுடையது. கடைசிக் காம்பராவில் வீரய்யா என்ற கிழவர் தனியாக இருந்தார். அந்த இரண்டுக்குமான கரண்ட் மீட்டர் அவருடைய பேருக்குத்தான் இருந்தது. இறந்துபோன அப்பாவின் பேரில் கிடந்த காம்பராக் காகிதத்தை மாற்ற முடியாமல் ஜீவராணிக்கு மீட்டர் வராமலே போக, வீரய்யா நடுச்சுவருக்கு மேலாக இரண்டு வயரை இழுத்துக் கொடுத்திருந்தார். அதில்தான் ஜீவராணியின் இரண்டு பல்பும் ஒரு பிளக்கும் ஓடின.

கார் லயத்து வாசலில் வந்து நின்றதும் ஜீவராணி ஓடி வந்தாள். தங்கச்சி குடும்பம் காரில் வருவது இதுதான் முதல் தடவை. தூங்குகிற பிள்ளையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, வாந்தி எடுத்த பிள்ளையை எழுப்ப வேண்டாம், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும், நன்றாகத் தூங்கட்டும் என்றாள். அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

ஜெயரூபன் சார்ஜரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அக்காவின் பிளக் பேஸ் பழைய மாதிரி, பெரிய உருண்டை ஓட்டைகள் உள்ளது. அவனிடம் இருந்ததோ சதுரப் பின். அதற்கும் டிக்கியில் ஒரு அடாப்டர் இருந்தது. அதைச் சுவரில் செருகி, அதன் மேல் வெள்ளை அடாப்டரைச் செருகி, அதன் மேல் சார்ஜரைச் செருகினான். ஒன்றின் முதுகில் ஒன்றாக மூன்றும் சுவரிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு, பாரம் தாங்காமல் தலை குனிந்து நின்றன. அடியில் ஒரு பால்மா டின்னை முட்டுக் கொடுத்தான். பச்சை எரிந்தது. வயரை ஜன்னல் வழியாக இழுத்துக் காரில் மாட்டினான்.

கொஞ்ச நேரத்தில் லயத்து நாயொன்று காரைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு போய், சக்கரத்தின் நடு இரும்பில் மூக்கை வைத்தது. வீல் என்று ஒரு சத்தம். நாய் பின்னங்கால் இடறி விழுந்து, எழுந்து, தண்ணீர்ப் பீலிப் பக்கமாக ஓடியது. அது பிறகு அன்று முழுக்கத் திரும்பி வரவேயில்லை. குளவி கொட்டியிருக்கும் என்றாள் பக்கத்துக் காம்பராப் பெண். எல்லாரும் சிரித்தார்கள். துஷாந்தினியும் சிரித்தாள்.

சாப்பிட்டு முடிக்கும்போது ஒன்றரை மணி இருக்கும். பெரிய மலைக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. பகலிலேயே இருட்டி, இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன் தாழ்வாரத்தில், ஜீவராணி பல்பைப் போட வேண்டியதாகிவிட்டது. பிள்ளை எழுந்துவிட்டாளா என்று பார்த்து வருகிறேன் என்று அவள் இறங்கிப் போனாள். போன வேகத்தில் விரல்களை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஒன் காருக்கு ரொம்பத்தான் ரோசம், துஷா. கதவு ஓரத்துல கை பட்டுச்சு, சுரீர்னு எறும்பு கடிச்ச மாதிரி இழுக்குது."

துஷாந்தினியின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. வாசல் மண் இன்னும் ஈரமாகவில்லை, அக்கா காலில் தடித்த ரப்பர்ச் செருப்பு. அதனால் எறும்புக்கடியோடு போயிற்று. நாய்க்குச் செருப்பு இல்லை.

அவள் எழுந்து பிளக்கிடம் போனாள். போகும்போதே கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தது. வெள்ளை அடாப்டரின் வயிறு பழுப்பாகிப் பிதுங்கியிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அடாப்டர் உருகிச் சுவர்ப் பிளக்கோடு ஒட்டிக் கிடந்தது. ஓர் இடத்தில் பிளாஸ்டிக் விலகிப் பித்தளை தெரிந்தது. பின்னால் வந்து பார்த்த ஜெயரூபன் சட்டென்று சுவர்ச் சுவிட்சை நிறுத்தினான். சார்ஜரின் பச்சை விளக்கு அணைந்தது.

"சரி, முடிஞ்சுது. சூடேறித்தான் இப்படி ஆயிருக்கு. மழை வருது, நான் பிள்ளையைத் தூக்கிட்டு வர்றேன்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

முதல் துளிகள் தகரத்தில் கல் எறிந்தது போல் விழுந்தன. அடுத்த நிமிஷம் மழை கொட்டத் தொடங்கியது.

துஷாந்தினி பிளக்கைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய மனம் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போல் ஒவ்வொன்றாக அடுக்கியது. காரின் இரும்பு உடம்பு சார்ஜரின் எர்த் பின்னோடு சேர்ந்தது. இந்தச் சுவரில் எர்த் கம்பியே இல்லை. அப்படியானால் அக்காவின் கையைக் கடித்த கரண்ட் எந்த வழியாகக் காருக்குப் போனது? வெள்ளை அடாப்டருக்குள் எர்த்தை வேறு ஏதோ ஒரு கம்பியோடு முடிந்து வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் சார்ஜரை ஏமாற்றிப் பச்சை எரிய வைத்திருக்கிறார்கள். நொதுமற்கம்பியோடு முடிந்திருப்பார்கள். பதுளை வீட்டில் அது கடிக்கவில்லை. இங்கே கடிக்கிறது என்றால், இங்கே நொதுமல் இருக்கவேண்டிய இடத்தில் உயிர்க்கம்பி இருக்கிறது. வீரய்யா இழுத்த வயர் மாறிக் கிடக்கிறது. சுவர்ச் சுவிட்ச் ஒரு பக்கத்துக் கம்பியை மட்டும்தான் நிறுத்தும். கம்பி மாறிக் கிடந்தால் இந்தச் சுவிட்ச் நிறுத்தியது உயிர்க்கம்பியை அல்ல. பச்சை விளக்கு அணைந்ததே தவிர, கார் இன்னும் உயிரோடுதான் நிற்கிறது.

"தொடாதீங்க," என்று கத்திக்கொண்டு திரும்பினாள்.

ஜெயரூபன் பின் கதவைத் திறந்து, அதன் ஓரத்தைப் பிடித்துவிட்டிருந்தான்.

அவன் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைப் பிறகு பல நாள் தூங்கவிடாமல் செய்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கை கதவை விடவில்லை. முழங்கை, தோள், கழுத்து எல்லாம் விறைத்து, ஒரு கணம் யாரோ மேலேயிருந்து முடிச்சுப் போட்டுத் தூக்கிப் பிடித்தது போல் நின்றான். பிறகு சகதியில் கால் வழுக்கியது. உடம்பின் பாரம் கையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. மல்லாந்து கிடந்தான். மழை அவன் திறந்த கண்களுக்குள் விழுந்தது.

கதவு ஒரு சாண் திறந்தபடி நின்றது. கிருஷிகா விழித்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து, இடைவெளி வழியாக அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கால்களையும் கதவுப் பக்கமாகத் தொங்கப் போட்டாள்.

துஷாந்தினி வாசலில் இறங்கி ஓடி, காருக்கு பத்தடி தள்ளி நின்றாள். அதற்கு மேல் கால் போகவில்லை.

"கிருஷி, அம்மாவைப் பாரு. எறங்காத."

"அப்பா விழுந்துட்டாரு."

"தெரியும். நீ எறங்குனா அப்பாவுக்கு ஆனதுதான் ஒனக்கும் ஆகும். காலைத் தூக்கு. சீட்டுக்கு நடுவுல போய்ச் சம்மணம் போட்டு உக்காரு. கதவைத் தொடாத, கம்பியைத் தொடாத. ஒண்ணையும் தொடாத."

காருக்குள் இருக்கிற வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கார் முழுக்க ஒரே கரண்ட். அது போக வழி தேடுவது தரைக்கு. ஒரு கை இரும்பிலும் ஒரு கால் ஈர மண்ணிலும் பட்டால்தான் உயிர் போகும். இதை ஆறு வயசுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? வகுப்பில் குரலை உயர்த்தாமல் பிள்ளைகளை உட்கார வைக்கும் அந்தக் குரலில் இன்னும் ஒரு தடவை சொன்னாள். கிருஷிகா அழுதுகொண்டே கால்களை மேலே இழுத்துக்கொண்டாள்.

ஜீவராணி ஜெயரூபனைத் தூக்க ஓடி வந்தாள். துஷாந்தினி கையை நீட்டி அவளை மறித்தாள். முதலில் அவன் உடம்பு காரில் எங்காவது படுகிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. அவனுடைய ஒரு கால் காருக்கு அடியில் நீண்டிருந்தது. முழங்காலுக்கும் காரின் அடி இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவன் கொஞ்சம் காலை மடக்கினால் போதும். அவள் அவனுடைய சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து, சகதியில் பின்னோக்கி இழுத்தாள். இழுக்கும்போது பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. காரில் எத்தனை ஜன்னல் இருக்கிறது, எண்ணு என்றாள். கிருஷிகா விக்கி விக்கி எண்ணினாள்.

ஜெயரூபனின் மார்பு ஏறி இறங்கியது. விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல். ஆனாலும் மூச்சு இருந்தது.

அதற்குள் லயத்து ஆட்கள் இஸ்தோப்புகளில் வந்து நின்றார்கள். யாரும் வாசலில் இறங்க வேண்டாம் என்று துஷாந்தினி சத்தமாகச் சொன்னாள். இனி கரண்டை அறுக்க வேண்டும். உருகி ஒட்டிக் கிடந்த பிளக்கைக் கையால் பிடுங்க முடியாது, பித்தளை வெளியே தெரிகிறது. மெயின் சுவிட்ச் வீரய்யாவின் காம்பராவுக்குள். வீரய்யா காலையிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு பசறைச் சந்தைக்குப் போயிருந்தார்.

"அக்கா, பூட்டை ஒட."

ஜீவராணி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. காம்பராவின் பின்னால் சாய்த்து வைத்திருந்த அலவாங்கைத் தூக்கி வந்து, பூட்டுக்கும் நாதாங்கிக்கும் நடுவில் கொடுத்து நெம்பினாள். மூன்றாவது நெம்பலில் ஆணியோடு பெயர்ந்து வந்தது. உள்ளே இருட்டில் தடவி, மெயின் சுவிட்சைக் கண்டுபிடித்துக் கீழே இழுத்துவிட்டதாகக் கத்தினாள். இஸ்தோப்புப் பல்பு அணைந்தது.

துஷாந்தினி காரை நோக்கி ஓரடி வைத்தாள். வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

சற்று முன் பச்சை விளக்கும் இப்படித்தான் அணைந்தது. அணைந்ததைப் பார்த்துத்தான் அவள் புருஷன் இறங்கிப் போனான். போன வருஷம் ஒரு தடவை வீரய்யா பெருமையாகச் சொன்னது அவள் காதில் வந்து விழுந்தது: இடி இடித்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது, ஒரு ஆளைப் பிடித்து டைரக்டாகக் கொடுத்துவிட்டேன், இப்போது தொல்லையே இல்லை. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்ற வேண்டிய சுவிட்ச் அது. எந்த வயரை எதில் கொடுத்தானோ அந்த ஆள். அந்தப் பெட்டியை எதை வைத்து நம்புவது?

கிருஷிகா, அம்மா நான் எண்ணி முடித்துவிட்டேன், வரட்டுமா என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. மறுபடி எண்ணு." பிறகு திரும்பி, "அக்கா, செவுத்துக்கு மேல வர்ற வயரை வெட்டு. கவ்வாத்துக் கத்தியால வெட்டு. ரெண்டையும் சேத்து வெட்டிராத, ஒண்ணு ஒண்ணா," என்றாள்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் அந்தக் கத்தி அடுப்புக்கு மேலே செருகியிருந்தது. மரப்பிடி காய்ந்திருந்தது. ஜீவராணி ஒரு காய்ந்த சாக்கை மடித்துப் பிடியில் சுற்றிக்கொண்டு, பலகைப் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். கதவு திறந்திருந்ததால் துஷாந்தினியால் அவளைப் பார்க்க முடிந்தது. பெஞ்சின் மேல் நின்ற அக்கா கத்தியை ஓங்கவில்லை. திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதே, துஷா?"

துஷாந்தினிக்குத் தெரியாது. காய்ந்த மரம், காய்ந்த சாக்கு, பலகை, இவை போதும் என்றுதான் புத்தகம் சொல்கிறது. ஆனால் சுவர் நனைந்திருந்தது. மெயின் உண்மையில் நின்றதா என்று தெரியாது. வெட்டுகிறவள் அவள் இல்லை.

"பலகை மேலயே நில்லு. பிடியைத் தவிர வேற ஒண்ணையும் தொடாத. செவுத்துல சாயாத," என்றாள்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இருவருக்கும் அது தெரிந்தது. ஜீவராணி திரும்பிக்கொண்டு வெட்டினாள். ஒரு வயர் தொங்கி விழுந்தது. பொறி இல்லை, சத்தம் இல்லை. இரண்டாவதை வெட்டும்போது கத்தி சுவரில் பட்டு நழுவியது, மறுபடி ஓங்கினாள். அதுவும் அறுந்து தொங்கியது. பெஞ்சிலிருந்து இறங்கினாள். கத்தியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துஷாந்தினி காருக்குப் போனாள். இரண்டு முனைகளும் அறுந்து தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகும் கை முன்னால் போக மறுத்தது. புறங்கையால்தான் தொட வேண்டும், கரண்ட் இருந்தால் கை தானாக விலகும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, பெயிண்ட் உரிந்த இரும்பில் புறங்கையை வைத்தாள். குளிர்ந்த ஈர இரும்பு. வேறொன்றும் இல்லை. கதவை முழுக்கத் திறந்து பிள்ளையைத் தூக்கினாள். கிருஷிகா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட இறுக்கத்தில் மூச்சு முட்டியது.

தோட்டத்து ஆட்டோவில் ஜெயரூபனை மடுல்சீமைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்சில் பதுளைக்கு அனுப்பினார்கள். வளைவுக்கு வளைவு துஷாந்தினி அவன் மணிக்கட்டில் விரலை வைத்தபடியே வந்தாள். நாடி தவறித் தவறி அடித்தது. ஒவ்வொரு தவறலிலும் இதோடு நின்றுவிட்டது என்று நினைத்தாள். அடுத்தது அடிக்கும் வரை அவள் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் நெஞ்சில் வயர்களை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆபத்தில்லை என்றார்கள். சகதியில் வழுக்கி விழுந்ததுதான் ஆளைக் காப்பாற்றியது, இன்னும் கொஞ்ச நேரம் கை கதவில் இருந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்றார் டாக்டர். வலது உள்ளங்கையும் இரண்டு விரல்களும் ஆழமாகக் கருகியிருந்தன. அந்த விரல்களில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை.

அன்று பின்னேரம் துஷாந்தினி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு முதல் நாளே சந்தேகம் இருந்தது என்று சொன்னாள். சிவப்பு விளக்குக்கு அர்த்தம் தெரியும். அது பச்சையானது சரியில்லை என்றும் தெரியும். ஒரு தடவை கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டேன் என்றாள்.

ஜெயரூபன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றான்.

"சொல்லியிருக்கணும்."



ஜீவராணி ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாட்டுக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது துஷாந்தினி, அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை அக்கா என்று தொடங்கினாள். 

"தெரியும்," என்றாள் ஜீவராணி. "அதான் ரெண்டாவது தடவை கேக்கல."

பிறகு பிள்ளை சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். சாப்பிடுகிறாள், ஆனால் எந்தக் கதவையும் தானாகத் திறப்பதில்லை. யாராவது திறக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றாள் துஷாந்தினி.

பசறையில் வயரிங் வேலை செய்யும் ஸமீம் என்பவரைத் தேடிப் பிடித்து, உருகிய வெள்ளை அடாப்டரை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதைப் பிளந்து காட்டினார். உள்ளே அரை விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பி, எர்த் பின்னையும் நொதுமல் பின்னையும் சேர்த்துப் பற்ற வைத்திருந்தது. அவ்வளவுதான் அதன் மாயம். பதுளை வீட்டில் சுவர் வயர் சரியாக இருந்ததால் ஆறு மாதம் அது சும்மா கிடந்தது. அங்கேயும் வெளியே நொதுமற்கம்பி ஒரு தடவை அறுந்திருந்தால் கார் இதே மாதிரி உயிர்த்திருக்கும் என்றார். அதைக் கேட்டபோது துஷாந்தினிக்கு, கிருஷிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து காரில் சாய்ந்துகொண்டு சப்பாத்துக் கழற்றும் ஒவ்வொரு நாளும் கண்ணில் வந்தது. ஒரு நாள் அல்ல, ஆறு மாதம்.

பதுளை வீட்டுக்காரரிடம் பேசி, நிலத்தில் செம்புக் கோல் அடித்து எர்த் எடுத்தார்கள். காருக்கென்றே மெயினிலிருந்து தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், தடித்த பிளக் பேஸ், அடாப்டரே இல்லாமல் நேரே செருகுகிற மாதிரி ஸமீம் செய்து கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் நிறுத்துங்கள் என்றார். துஷாந்தினி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்த்தாள். கிருஷிகா இன்னும் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை துஷாந்தினி ஸமீமை அக்காவின் லயத்துக்குக் கூட்டிப் போனாள். பூட்டை உடைத்ததற்கு வீரய்யா கோபப்படவில்லை. முதல் வேலையாகத் தன் பெட்டியைத் திறந்து காட்டி, ட்ரிப் சுவிட்சை மறுபடி போட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்.  பிறகு ஒவ்வொரு காம்பராவாகப் போனார்கள். ஸமீம் பிளக் ஓட்டையில் டெஸ்டரை வைப்பார். எரிய வேண்டிய பக்கம் எரிகிறதா, எரியக்கூடாத பக்கம் எரிகிறதா என்று பார்ப்பார். லயத்துச் சனங்கள் பின்னாலேயே வந்து, வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். 

"டீச்சர், பன்னெண்டு காம்பராவுல நாலுல மாறித்தான் கெடக்கு," என்றார் ஸமீம். "இவ்வளவு நாளா யாருக்கும் ஒண்ணும் ஆகாததுதான் ஆச்சரியம்."

ஏழாவது காம்பராவில் அவர் வயரைச் சரியாக மாற்றிப் பூட்டி, டெஸ்டரை இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அந்த வீட்டுப் பெண் இடுப்பில் கைப்பிள்ளையோடு கேத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் தினம் இரண்டு வேளை அதில்தான் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறாள்.

"இப்ப இதைப் போடலாமா, டீச்சர்?"

ஸமீம் தலையசைத்தார். துஷாந்தினி பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் கேத்தலை வைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சுக்கு விரலை நீட்டி, தொடாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு போட்டாள். எல்லாரும் கேத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது மெல்ல இரையத் தொடங்கும் வரை.